ஆச்சியின் முகூர்த்தச் சேலை என்ன நிறம்?

வயதானவர்கள் கையில் பழைய போட்டோவைக் கொடுத்து "இது யாரு?" என்று கேட்டால் ஒரு பெயர் வரும், அதோடு முடிந்துவிடும். "இது என்ன சேலை?" என்று கேட்டுப் பாருங்கள். அதை யார் எடுத்துக் கொடுத்தது, எந்தக் கல்யாணத்துக்கு முதலில் கட்டியது, அந்தக் கல்யாணத்தில் யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை நின்றது என்று மத்தியானம் முழுக்கப் பேச்சு ஓடும். டிரங்குப் பெட்டியில் கிடந்த எங்கள் குடும்பப் படங்களைப் பெரியம்மாவோடு உட்கார்ந்து பிரித்து அடுக்கியபோது நான் கற்றுக்கொண்டவற்றில் முதன்மையானது இதுதான். முகத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் துணியைப் பற்றிக் கேட்க வேண்டும்.

எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். பூட்டியின் படம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. வீட்டு முற்றத்தில் ஜமுக்காளத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் நாற்காலி போட்டு எடுத்த குடும்பப் படம். பூட்டி நடுவில் இருக்கிறாள். ரவிக்கை கிடையாது. பின்கொசுவம் வைத்துக் கட்டிய பதினாறு முழச் சேலை, தோளைப் போர்த்திய முந்தி, வளர்ந்து தொங்கும் காதில் பாம்படம். இவளை மட்டும் வைத்துப் பார்த்தால் படம் 1910-இல் எடுத்தது என்றும் சொல்லலாம், 1960-இல் எடுத்தது என்றும் சொல்லலாம். அந்தத் தலைமுறைப் பெண்கள் சமைந்த வயதில் எப்படி உடுத்தினார்களோ அப்படியேதான் கடைசிவரை உடுத்தினார்கள்.

ஆகவே ஒரு படத்தின் காலம் தெரிய வேண்டுமென்றால் மூத்தவர்களைப் பார்த்துப் பயனில்லை. அந்தக் கூட்டத்தில் புதிதாகக் கல்யாணமான பெண் யார் என்று தேடுங்கள். நாகரிகம் முதலில் வந்து சேரும் இடம் அவளுடைய ரவிக்கைக் கை. எங்கள் படத்தில் அப்படி நிற்பவள் ஆச்சி, பூட்டியின் மருமகள். தோளில் உப்பிய புஃப் கை ரவிக்கை, முன்கொசுவம், காதில் சின்னக் கம்மல். ஆச்சிக்கும் சிறுவயதில் காது வளர்த்திருந்தார்களாம். கல்யாணத்துக்கு முன்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அறுத்துத் தைத்துக்கொண்டாள் என்று பெரியம்மா சொன்னார். மாமியாருக்குப் பாம்படம், மருமகளுக்குக் கம்மல். இருவருக்கும் நடுவே ஒரு காலம் முடிந்து இன்னொன்று தொடங்கியிருக்கிறது. ஆச்சிக்குக் கல்யாணம் ஆனது 1946. படம் அதற்கு ஓரிரு வருஷத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்.

ரவிக்கை இல்லாத பூட்டியைப் பார்த்து எங்கள் வீட்டு இளம்பிள்ளைகளில் ஒருத்தி அந்தப் பகுதியை வெட்டிவிட்டு ஃபிரேம் போடலாமா என்று கேட்டாள். எனக்கு மனசு வலித்தது. அவளை உட்காரவைத்துச் சொன்னேன்: எங்கள் பக்கத்தில் வயதான பெண்களுக்கு அது வெறும் வழக்கம், அதில் மறைக்க ஒன்றுமில்லை. கொஞ்சம் தெற்கே போனால், திருவிதாங்கூரில் இருந்த இன்றைய கன்னியாகுமரிப் பகுதியில், மேலாடை போடுவது ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்குத் தடையாக இருந்தது. பல வருஷம் அடிபட்டுப் போராடிய பிறகுதான் 1859-இல் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரசு அறிவித்தது. அந்த ஊர்க் குடும்பப் படத்தில் ஒரு பூட்டி குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டு நின்றால் அதற்குப் பின்னால் அவ்வளவு வரலாறு இருக்கிறது. துணி இருப்பதையும் இல்லாததையும் அந்தந்த ஊரின் கதையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அடுத்தது ஆச்சியின் கல்யாணப் படம். மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் தூணும் படிக்கட்டும் வரைந்த திரை, பக்கத்தில் பூந்தொட்டி வைத்த ஸ்டாண்ட். ஆச்சி கட்டியிருக்கும் சேலை கன்னங்கரேல் என்று இருக்கிறது. எங்கள் தலைமுறை முழுக்க ஆச்சி கறுப்புச் சேலையில்தான் தாலி கட்டிக்கொண்டாள் என்று பேசிக்கொண்டிருந்தோம். பெரியம்மா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "முகூர்த்தத்துக்கு எவளாவது கறுப்புக் கட்டுவாளா ஏட்டி? இது அரக்குல்லா!" என்றார்.

அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்கள் பயன்படுத்திய கண்ணாடித் தகடுகளும் ஃபிலிமும் பெரும்பாலும் ஆர்த்தோகுரோமாட்டிக் வகை. நீலமும் பச்சையும் அதில் பதியும், சிவப்பு பதியாது. இருட்டறையில் சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டே அதைக் கழுவ முடிந்ததும் அதனால்தான். ஆகவே அரக்கு, சிவப்பு எல்லாம் கறுப்பாக விழுந்துவிடும். வெளிர்நீலம் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும். எல்லா நிறத்தையும் வாங்கிக்கொள்ளும் பான்குரோமாட்டிக் ஃபிலிம் பரவலான பிறகு அதே அரக்கு, சாம்பல் நிறத்தில் தெரியத் தொடங்கியது. எங்கள் பெட்டியிலேயே சாட்சி இருந்தது: அதே சேலையைக் கட்டிக்கொண்டு ஆச்சி அறுபதுகளில் எடுத்த இன்னொரு படத்தில் உடல் சாம்பலாக இருக்கிறது, கரையில் இருக்கும் ருத்திராட்சக் கட்டம் மட்டும் இரண்டிலும் ஒன்றாகத் தெரிகிறது. நிறத்தை வைத்து இரண்டு படங்களில் உள்ளது ஒரே சேலையா என்று பார்க்காதீர்கள். கரையின் வேலைப்பாட்டையும் முந்தியின் கோடுகளையும் பாருங்கள். சரிகையையும் நம்பக் கூடாது, விளக்கு விழும் சாய்வைப் பொறுத்து அது ஓர் இடத்தில் வெள்ளையாக மின்னும், அரையடி தள்ளிக் கறுத்துக் கிடக்கும்.

தோலின் நிறமும் இப்படித்தான். தோலில் இருக்கும் செம்மையை ஆர்த்தோ ஃபிலிம் இருட்டாக்கிவிடும். அதைச் சரிக்கட்ட ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவின் மேலேயே பென்சிலால் தொட்டுத் தொட்டு முகத்தை வெளுப்பாக்குவார்கள். எனவே "தாத்தா அவ்வளவு கறுப்பு, ஆச்சி அவ்வளவு சிவப்பு" என்று பழைய படத்தை வைத்துப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

இந்தக் கல்யாணப் படத்தை எங்கள் வீட்டில் ஒருவர் பழுதுபார்த்துக் கலர் ஆக்கித் தரும்படி ஒரு கடையில் கொடுத்தார். திரும்பி வந்தபோது ஆச்சி பச்சைச் சேலையில் இருந்தாள். முந்தியின் கோடுகளையும் வழித்துவிட்டிருந்தார்கள். பழைய ஸ்டுடியோக்களிலும் கையால் கலர் பூசித் தருவது உண்டு, அங்கேயும் பூசுகிறவர் கைக்கு வந்த நிறம்தான். இப்போது போனில் இருக்கும் ஆப்களும் நிறத்தை ஊகிக்கத்தான் செய்கின்றன. கலர் ஆக்குவது தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் சேலையைப் பார்த்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், கலர் ஆக்கியதை மூலப்படத்துக்குப் பதிலாக வைக்காதீர்கள். எங்களுக்கு அதிர்ஷ்டம், அந்தச் சேலையின் கிழிந்த முந்தித் துண்டு பெரியம்மாவின் பீரோவில் இருந்தது. அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. அதைப் பகல் வெளிச்சத்தில் தனியாகப் போட்டோ எடுத்து, படத்தோடு சேர்த்து வைத்திருக்கிறோம்.

அதே படத்தில் தாத்தா வேட்டிக்கு மேல் கோட்டும், மடக்கிய கையில் கைக்கடிகாரமுமாக நிற்கிறார். கோட்டின் தோள் அவருக்குப் பொருந்தவே இல்லை, கை விரல்வரை இறங்கியிருக்கிறது. பல ஸ்டுடியோக்களில் கோட்டு, டை, கடிகாரம் எல்லாம் படம் எடுக்க வருகிறவர்களுக்காகவே வைத்திருப்பார்கள். 1943-இல் போர்க்காலத் துணிக் கட்டுப்பாடு வந்தது, கல்யாண வீட்டிலேயே புதுத்துணிக்குத் தட்டுப்பாடான நாட்கள் அவை. முகூர்த்தச் சேலையைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் புதுசு இல்லை என்று ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறார் பெரியம்மா. கோட்டைப் பார்த்து வசதியை எடைபோடாதீர்கள். காலைப் பாருங்கள். தாத்தா செருப்பில்லாமல் நிற்கிறார்.

பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தவை தீபாவளிப் படங்கள். ஐந்து பிள்ளைகளும் ஒரே பூப்போட்ட துணியில் நிற்கிறார்கள். பையன்களுக்குச் சட்டை, பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் பாவாடை சட்டை, கைக்குழந்தையான சித்திக்குக் கவுன். மொத்தமாகத் துணி எடுத்துத் திண்ணையில் மிஷின் போட்டிருந்த தையல்காரரிடம் கொடுத்தால் சிக்கனமாக முடிந்துவிடும். தேதி இல்லாத இந்தப் படங்களை வரிசைப்படுத்த வழி காட்டியது பெரியம்மாவின் பாவாடைதான். வளர்கிற பிள்ளைக்குப் பாவாடை தைக்கும்போது கீழ்ப்பக்கம் துணியைக் குறுக்காக மடித்து இரண்டு மூன்று டக் பிடித்துத் தைப்பார்கள். உயரம் கூடக் கூட ஒவ்வொரு டக்காகப் பிரித்து விடுவார்கள். பிரித்த இடத்தில் துணி வெளுக்காமல் ஒரு கோடு நிற்கும். ஒரு படத்தில் பாவாடையில் மூன்று டக். இன்னொன்றில் இரண்டு டக், ஒரு கோடு. மூன்றாவதில் டக்கே இல்லை, மூன்று கோடு மட்டும், அதையும் உடுத்தியிருப்பது அம்மா. பெரியம்மாவுக்குச் சின்னதாகிப் போனது தங்கைக்கு வந்துவிட்டது. பூதக்கண்ணாடியை வைத்து அந்தக் கோடுகளை எண்ணி மூன்று படங்களையும் வரிசையாக வைத்த மாலை, பெரியம்மா அவர் அம்மா சிம்னி விளக்கு வெளிச்சத்தில் டக் பிரித்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். முகங்களைப் பார்த்து வயதை ஊகித்திருந்தால் அந்த வரிசையும் கிடைத்திருக்காது, இந்தப் பேச்சும் வந்திருக்காது.

கோடைகாலப் படம் என்பதைப் பூச்சடையை வைத்துச் சொல்லிவிடலாம். சித்திரை வைகாசியில் மல்லிகை மலிந்திருக்கும்போது பெண்பிள்ளைகளுக்குச் சடை முழுக்கப் பூத் தைத்து, ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய், பின்னால் கண்ணாடி வைத்துச் சடையும் தெரிகிற மாதிரி எடுப்பார்கள். இந்த வகைப் படங்களில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும்: இது பெண்பிள்ளைதானா? மொட்டை போடுவதற்கு முன்னால் ஆண்பிள்ளைக்கும் பாவாடை கட்டி, பூ வைத்து, நெற்றிச்சுட்டி மாட்டிப் படம் எடுப்பது நம் வீடுகளில் ஆசையான வழக்கம். சிறுவயதிலேயே இறந்துபோன ஓர் அத்தை என்று எங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்த படம், பெரிய மாமாவுடையது என்று பெரியம்மா சொல்லித்தான் தெரிந்தது. அந்த நெற்றிச்சுட்டி பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியதாம்.

அறுபதுகளுக்கு வந்தால் துணியின் விழுகையே மாறிவிடுகிறது. கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் கொசுவம் விறைத்து நிற்கும், உட்கார்ந்து எழுந்தால் மடியில் சுருக்கம் விழும். நைலான் சேலை உடம்போடு ஒட்டி அலையலையாக இறங்கும், உள்ளே இருக்கும் ரவிக்கையின் தையல்கூடத் தெரியும். பெரியம்மாவின் நைலான் சேலை, கொழும்பில் கடையில் வேலைபார்த்த சின்னத் தாத்தா கொண்டுவந்தது. தனுஷ்கோடி வழியாகக் கப்பலும் ரயிலுமாக வந்து போவார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு அந்த வழி போய்விட்டது. அதற்கு முன் வந்த சேலை என்பதில் பெரியம்மாவுக்குச் சந்தேகமே இல்லை, அதனால் படத்துக்கும் ஓர் எல்லை கிடைத்தது. ஆண்கள் பக்கம் டெரிலின் சட்டையும் இதே கதைதான்: கசங்காத கை, கத்தி மாதிரி நிற்கும் இஸ்திரி மடிப்பு.

எழுபதுகளின் பெல்பாட்டம், நாய்க்காது காலர், காதை மூடிய முடி எல்லாம் யார் பார்த்தாலும் தெரிந்துவிடும் என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: சென்னையில் 1973-இல் வந்த மோஸ்தர் எங்கள் ஊர்த் தையல்காரரிடம் வந்து சேர மேலும் சில வருஷம் ஆகியிருக்கும். உடையை வைத்து "இந்த வருஷத்துக்கு முன்னால் இருக்க முடியாது" என்று சொல்லலாமே தவிர, "இந்த வருஷம்தான்" என்று சொல்லக் கூடாது.

எண்பதுகளில் கலர் படம் வந்ததும் இனி நிறச் சிக்கல் தீர்ந்தது என்று நினைப்போம். தீரவில்லை. அந்தக் காலக் கலர் பிரிண்டுகளில் நீலப் பச்சைச் சாயம் இருட்டில் வைத்தாலும் மங்கிவிடும், மிச்சம் இருப்பது செம்மையும் மஞ்சளும். சித்தியின் நிச்சயதார்த்தப் படத்தில் எல்லாரும் செம்பழுப்பில் நிற்கிறார்கள், சேலையோ மயில்கழுத்துப் பட்டு. நடிகை நதியாவைப் பார்த்து அந்த வருஷங்களில் ஊரே வாங்கிய நதியா கம்மலைச் சித்தியும் போட்டிருக்கிறாள். 1985-க்குப் பிந்தைய படம் என்று அந்தக் கம்மலே சொல்லிவிடுகிறது.

படங்களைக் கையாள்வதிலும் சில விஷயங்கள் தெரிந்துகொண்டோம். பசை ஒட்டிய தாளும் பிளாஸ்டிக் உறையும் உள்ள ஆல்பங்கள்தான் படங்களுக்குப் பெரிய எதிரி. எளிதாக வருபவற்றை வெளியே எடுத்துவிடுங்கள், வராதவற்றைப் பிய்க்காமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட ஃபிரேம் படத்தையும் அப்படியே கண்ணாடியோடுதான் படம் பிடிக்க வேண்டும். லாமினேஷன் வேண்டவே வேண்டாம். ஸ்கேன் செய்யும்போது குறைந்தது 600 டிபிஐ, கைக்கடக்கமான சின்னப் படம் என்றால் 1200 வையுங்கள். சேலைக் கரையும் டக் கோடும் அப்போதுதான் தெரியும். வாட்ஸப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் நுணுக்கம் எல்லாம் போய்விடும். பிரிண்ட் இடவலம் மாறியிருக்கிறதா என்று பார்க்க ஆண்களின் சட்டைப் பை உதவும், பை இடது மார்பில் இருக்க வேண்டும். முந்தியை வைத்து முடிவு செய்யாதீர்கள், மடிசாரில் ஐயர் வீட்டுக் கட்டு வலது தோளில் விழும்.

பின்பக்கம் எழுதும்போது மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். "பெரியம்மா, ஆச்சி" என்று எழுதினால் என் பேத்திக்கு அது யார் என்றே தெரியாது. முழுப்பெயர், ஊர், ஏறக்குறைய வருஷம், துணியின் நிறம், இதையெல்லாம் சொன்னது யார் என்று எழுதுங்கள். சொன்னவர் பெயர் முக்கியம், இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள்.

வரிசையாக அடுக்கி முடித்த பிறகுதான் இல்லாத படங்கள் கண்ணில் பட்டன. 1968-இல் தாத்தா இறந்தார். அதற்குப் பிறகு ஆச்சி எந்தக் கல்யாணப் படத்திலும் இல்லை. எல்லாக் கல்யாணத்துக்கும் வேலை செய்திருக்கிறாள், சமையல்கட்டில் நின்றிருக்கிறாள், கேமரா முன்னால் மட்டும் வரவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. அடுத்ததாக அவள் முகத்தைப் பார்க்கக் கிடைப்பது தொண்ணூறுகளில் வந்த வாக்காளர் அடையாள அட்டையில். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. கால் நூற்றாண்டுக்கும் மேலான அந்த இடைவெளியை நான் ஆல்பத்தில் வெற்றுப் பக்கமாகவே விட்டிருக்கிறேன், அதன் மேல் வருஷங்களை எழுதி. அப்படி ஒரு இடைவெளி உங்கள் வீட்டிலும் இருந்தால் அதை மறைத்து ஒட்டாதீர்கள்.

இன்னொரு இடைவெளி நம் காலத்தினுடையது. தொண்ணூறுகளிலிருந்து தமிழ்நாட்டு வீடுகளில் பெண்கள் அதிகம் உடுத்துவது நைட்டி. மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் கோலம் போடுவதும், காய் வாங்குவதும், பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றுவதும் அதில்தான். ஆனால் எங்கள் ஆல்பங்களில் நைட்டி போட்ட படம் ஒன்றுகூட இல்லை, போனை எடுத்தாலே உள்ளே ஓடிவிடுகிறார்கள். பூட்டி முற்றத்துப் படத்தில் அன்றாடம் உடுத்திய மாதிரியே உட்கார்ந்திருந்ததால்தான் அவள் வாழ்ந்த விதம் நமக்குத் தெரிகிறது. நம் அம்மாக்களைப் பட்டுச்சேலையில் மட்டும் பார்க்கும் பேரப்பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?

அதனால் வீட்டில் எல்லாரிடமும் பேசினேன். வற்புறுத்தக் கூடாது, சம்மதம் கேட்டு, யாருக்கும் அனுப்பமாட்டோம் என்று சொல்லி எடுக்க வேண்டும். சித்தி முதலில் திட்டினாள், அப்புறம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே எடுத்துக்கொள்ள விட்டாள். அச்சுப் போட்டு, பின்னால் துணியின் பெயரும் தெருவில் மூட்டையோடு வருகிறவரிடம் வாங்கிய விலையும் எழுதியாயிற்று. தூத்துக்குடி மதினி அனுப்பிய படத்தில் மட்டும் கடைசி நிமிஷத்தில் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு, தலைவாரி, பூ வைத்து நிற்கிறார். வேலைக்கு நடுவில் துண்டோடு ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.